இருபத்தாறு

ஆரல்வாய்மொழிக் காற்றுக்கு
டயருக்குள் அடைபட்ட காற்றைக் கண்டால் ஆகாது.
ஆடி பிறந்ததும் ஆள்விட்டுத் தேடும்,
முள்ளை அனுப்பி வெளியே கூப்பிடும்.
மூன்று வாரத்தில் ஏழு பஞ்சர் ஒட்டியவள்
இதைவிட அறிவியலாக எப்படி யோசிப்பாள்?

ஏழில் நாலு, உடைமுள்.
இரண்டு, நெருஞ்சி.
மீதி ஒன்று யாரென்று தெரியவில்லை.
துளை மட்டும் கிடந்தது
பெயர் போடாத மொட்டைக் கடுதாசி மாதிரி.

நாற்பத்தொன்றாம் நம்பர் காற்றாலையிலிருந்து
அறுபத்து மூன்றாம் நம்பர்வரை என் பாடு.
ஜீப் வராத நாளில் சைக்கிள்.
தவணையில் வாங்கிய மலைச் சைக்கிள்,
பல் பல்லாய் முண்டு வைத்த டயர்.
கடையில் தொட்டபோது ஆனைத்தோல் என்று நினைத்தேன்.
நெருஞ்சிக்கு அது அப்பளம்.
காலையில் மஞ்சளாய்ப் பூத்து
சூரியனையே பார்த்துக்கொண்டிருக்கும், பாவம்போல.
அதன் காயை எப்படிப் போட்டாலும்
ஒரு முள் மேலே பார்க்கும்.

வடசேரிக் கடையில் சொன்னார்கள்:
கல்லுபோல அடி, முள்ளு வழுக்கும்.
நாற்பத்தைந்து அடித்தேன்.
வழுக்கியது நான்.
சரளையில் முழங்கைத் தோல் போயிற்று,
முள் அது பாட்டுக்கு உள்ளே போயிற்று.
செத்த டியூபைக் கீறி
டயருக்குள் பாய்போல விரித்தேன்.
முள்ளைத் தாங்கியது.
ஏற்றத்தில் என்னைத்தான் தாங்கவில்லை.

விரல் மட்டும் தேறியது.
கழற்றிய டயரின் உட்புறத்தைக்
கண்ணை மூடிக்கொண்டு பையப் பையத் தடவி
கண்ணுக்குத் தப்பிய நுனியைத்
தோலால் கண்டுபிடிக்கும்.
அதை எடுக்காமல் புது டியூப் போட்டால்
அடுத்த பஞ்சரையும் சேர்த்தே போட்டதாக அர்த்தம்.

ஒரு ஞாயிறு, பொன்மனையிலிருந்து டெல்பின் வந்தாள்.
விடியுமுன் இருநூறு மரத்தில் பால் வெட்டிவிட்டு
சைக்கிளிலேயே.
அவள் பக்கத்தில் முள் கிடையாது,
சிரட்டை கட்டிய கம்பித்துண்டு குத்தினால் உண்டு.
என் டியூபைத் தூக்கிப் பார்த்தாள்.
ஒட்டுமேல் ஒட்டு.
"இது எதுக்குட்டீ உனக்கு?"

பையிலிருந்து ஒரு பாட்டில் எடுத்தாள்.
மூடி திறந்ததும் அமோனியா.
"எங்க ஷெட்டு மணம். துட்டு குடுத்து வாங்குனேன், பாத்துக்கோ."
ரப்பர் பால்தான், கூட என்னென்னவோ கலந்து.
"தெனமும் கீறுறேன். மத்தியானத்துக்குள்ள
ஒட்டுப்பால் கட்டி மூடிக்கிடுது.
மரத்துக்கு எவன் வந்து பஞ்சர் பாக்கான்?"

ரிம்மில் டேப் சுற்றினோம். சோப்புத்தண்ணி தடவினோம்.
கைப்பம்புக்கு டயர் மசியவில்லை.
தோவாளை லாரி டயர் கடையில்
ஒரே ஊதல்.
டப். டப்.
பிச்சிப்பூ மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தவர்கள்
திரும்பிப் பார்த்தார்கள்.
பிறகு அவளே காற்றை இறக்கினாள், இருபத்தாறுவரை.
"கல்லைக் கண்டா டயரு அமுங்கணும்.
வெறச்சுக்கிட்டு நின்னா குத்து வாங்கத்தான் செய்யும்."
யாரைச் சொன்னாள் என்று நான் கேட்கவில்லை.

பொய்கை அணைப் பாதையில்
முன்சக்கரத்தில் விரல்நீளத்துக்கு ஒரு உடைமுள்.
சுற்றிலும் வெள்ளையாய் நுரைத்தது.
கை தானாகப் போனது.
மணிக்கட்டைப் பிடித்தாள்.
"புடுங்காத. இப்ப அதான் மூடி."

வீடுவரை ஒன்பது கிலோமீட்டர்,
சக்கரம் ஒரு சுற்று வந்தால் தரையில் ஒரு டிக்.
ராத்திரி நகவெட்டி எடுத்து
வெளியே நின்றதை மட்டும் நறுக்கினேன்.

இப்போது முன்டயரில் பதினொரு முள் இருக்கிறது.
பஞ்சர் இல்லை.
இந்த வெயிலுக்கு இரண்டு மாதத்தில்
பால் காய்ந்துபோகும் என்று சொல்லியிருந்தாள்.
காலையில் சக்கரத்தைக் கழற்றிக்
காதருகே குலுக்கிப் பார்க்கிறேன்.
வெளியே அத்தனை இறக்கைகளும் இரைய,
உள்ளே கொஞ்சம்போல,
மேற்கே எங்கோ மழை பெய்கிற சத்தம்.

நேற்றுக் கேட்கவில்லை.
டெல்பினுக்கு ஒரு மிஸ்டு கால் கொடுத்திருக்கிறேன்.